துருக்கி மருமகனின் விசா வேலை: ஐந்து ரோடு டிராவல்ஸ் ஒன்றின் சேவை

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு மாடியில் இயங்கும் அந்த டிராவல்ஸ் அலுவலகத்துக்கு வருவோர் பெரும்பாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களே. எங்கள் மருமகனோ துருக்கிக் குடிமகன். இந்திய விசாவில் மகளோடு சேலத்தில் வசிக்கிறார். அவருடைய பயணத்துக்கு இவர்கள் எந்த அளவுக்கு உதவுவார்கள் என்ற ஐயத்துடனேயே படியேறினோம்.

தொடக்கம் திருப்தியாக இல்லை. முன்மேசையில் இருந்த இளைஞர், சிங்கப்பூர் விசாவுக்கென இருவருக்கும் சேர்த்து சர்வீஸ் சார்ஜ் போட்டுவிட்டார். விசா தேவைப்படுவது மகளுக்குத்தான். துருக்கிப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டியதில்லை. ஜப்பானுக்கும் அவர் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் சென்று வரலாம், மகள் விசா எடுத்தாக வேண்டும். எடுத்துச் சொன்னதும் பில்லைத் திருத்தினார்கள் என்றாலும், விவரம் தெரியாதவர் கட்டிவிட்டுத்தான் வந்திருப்பார்.

ஐரோப்பியப் பயணத்துக்கான கோப்பைப் பார்த்த அம்மையாரின் வேலை வேறு தரம். “அட்டை என்ன நிறம்?” என்பதே அவருடைய முதல் கேள்வி. துருக்கியில் மூத்த அரசு அலுவலர் போன்ற சிலருக்கு மட்டும் கிடைக்கும் பச்சைப் பாஸ்போர்ட் இருந்தால், ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) 180 நாட்களுக்குள் 90 நாட்கள் விசா இல்லாமல் தங்கலாம். மருமகனிடம் இருப்பது பொதுமக்களுக்கான கருஞ்சிவப்பு அட்டை, ஆகவே விசா கட்டாயம். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளனவா, வழங்கப்பட்டுப் பத்தாண்டுக்குள் இருக்கிறதா, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிய பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகுமா என்று பார்த்தார். கடைசியில் இந்திய விசாப் பக்கத்தில் விரலை வைத்து, பலமுறை நுழைய அனுமதி இருப்பதை உறுதிசெய்துகொண்டார். போனவர் திரும்பி வர வேண்டுமே! இந்தியாவிலிருந்தே விண்ணப்பிப்பதால், இங்கே முறையாக வசிப்பதற்கான பதிவுச் சான்றையும் கோப்பில் சேர்க்கச் சொன்னார்.

ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கைரேகைக்குச் சென்னைக்கு நேரில் போக வேண்டும். வழக்கமாக 15 நாட்களில் வரும் முடிவு 45 நாட்கள் வரை இழுக்கக்கூடும் என்பதால், பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை இப்போதே எடுக்காதீர்கள் என்று அவர் தடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. கமிஷனை மட்டும் நினைப்பவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஏற்காட்டில் அறை எடுத்துக் கொடுத்ததும் இவர்களே. வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை அரசு இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்று சொல்லி, பாஸ்போர்ட்டோடு விசாப் பக்கத்துக்கும் ஜெராக்ஸ் கொடுத்தனுப்பினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இரவில் போய்ச் சேர்ந்த எங்களுக்கு, வரவேற்பறையில் ஐந்து நிமிடத்தில் சாவி கிடைத்தது.

சர்வீஸ் சார்ஜ் சற்று அதிகம்தான். ஷெங்கன் கோப்புக்கு அது தகும். சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்பித் தரவும் காசு கேட்கிறார்கள், அதைக் கொடுக்காதீர்கள். இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் கைப்பேசியிலேயே இலவசமாக நிரப்பிவிடலாம்.