பேர்மிட் காணியா, உறுதிக் காணியா?

மகளுக்குச் சீதன வளவு தேடியபோது கையிலிருந்த காசுக்கு இரண்டு இடம் அகப்பட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மாமாவின் அரை ஏக்கர் பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, ஒன்று. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், களுதாவளைப் பக்கம், பதினைந்து பேர்ச் உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரமுள்ள காணி, மற்றது. உறுதியைத்தான் வாங்கினேன். “அரை ஏக்கரை விட்டுட்டுக் கைக்குட்டை வாங்கியிருக்கார்” என்று மச்சான் இன்றைக்கும் சிரிக்கிறார்.

மண், தண்ணீர், விலை மூன்றிலும் மாமாவின் காணிதான் மேல். அதில் வாதமில்லை. என் மனதை மாற்றியது பேர்மிட் கடதாசி.

அதை மாமா பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். மடிப்பெல்லாம் செலோட்டேப். காடு வெட்டியது அவர், மரக்குற்றி கிளப்பியது அவர், யானைக்குக் காவலிருந்ததும் அவர். ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அனுமதியில்லாமல் அதை அவர் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. உழைப்பை மண்ணோடு கலந்தவனுக்கே மண் சொந்தம் என்று பதினேழாம் நூற்றாண்டில் வாதாடிய ஜோன் லொக், மாமாவைக் கண்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். இங்கே 1840இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டமோ காடும் தரிசும் முடிக்குரியவை என்று தொடங்கியது. வேறொருவருடையது என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். முடி போய்விட்டது, அந்த வழக்கம் போகவில்லை.

விற்பதைக்கூட விடுங்கள். எங்கள் ஊரில் வீடு வளவு பெண்பிள்ளைக்கு; மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். மட்டக்களப்பின் பழைய முக்குவர் வழமைச் சட்டக் காலத்திலிருந்தே தாய்வழிதான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசை சொல்லும் மூன்றாம் அட்டவணைக்கு இது தெரியாமலிருந்தது. பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்பதை, பதியாமல் ஒருவர் கண்ணை மூடினால், வாழ்க்கைத் துணைக்குப் பிறகு மகள்மாரை முந்திக்கொண்டு மூத்த மகன் வருவான் என்றிருந்தது. 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். எண்பத்தேழு வருடம்! மகளுக்கு வீடு கொடுக்கும் தகப்பனுக்குக் கொழும்பில் யாரோ வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா ஒருவர் தன் வளவை யாருக்குக் கொடுப்பது என்பதில் அரசுக்கு என்ன வேலை?

உறுதிக் காணியில் நொத்தாரிசு எழுதினார், காணிப் பதிவகத்தில் பதிந்தோம், முடிந்தது. மகளின் பெயரில் எழுதும்போது யாரும் காரணம் கேட்கவில்லை.

சரி, உறுதி என்றால் பயமே இல்லையா? இருக்கிறது. ஒரே காணிக்கு இரண்டு உறுதி காட்டுகிறவர்கள் உண்டு; பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் இப்படி இழக்கக்கூடாது என்றுதான் 2016இல் விசேட சட்டம் வந்தது. அங்கே அரசு வேண்டும்தான், காணிக்காரனாக அல்ல, நீதிமன்றமாக. பேர்மிட்டை வட்டிக்காரன் இலகுவில் விழுங்க முடியாது என்பார் மாமா. அதிலும் நியாயமுண்டு, குடிகார மருமகன் வாய்த்த வீட்டில் அந்தக் கெடுபிடியே வேலியாக நின்றதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, நான் வாங்கியது குடியிருப்பு நிலம். வயலுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. உறுதி வயலாக இருந்தாலும் அதை நிரப்பி வீடு கட்ட, 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். நான் செய்கைக்காரன் இல்லை; அந்தக் கஷ்டம் எந்தளவு என்று வயலில் இறங்கியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மாமா இப்போது அந்தக் காணியைத் தன் இளைய மகளுக்கு வைக்கப் பார்க்கிறார். பின்னுரித்தாளர் பெயரை மாற்றப் போன கிழமை பிஸ்கட் டின்னோடு பஸ் ஏறினார். காணி உத்தியோகத்தர் லீவாம். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.