எரிக் லிடல் நடைச் சுற்று, எடின்பரோ: ஐந்துக்கு மூன்றரை

ஓட்டக்காரர் எரிக் லிடலின் வாழ்க்கையை எடின்பரோ தெருக்களில் நடந்தபடியே சொல்லும் இரண்டு மணி நேரச் சுற்று. தலைக்குப் பதினெட்டு பவுண்டு. நாங்கள் ஐந்து பேர், கூடவே விடாத தூறல்.

பள்ளி நாட்களில் ரக்பி ஆடியவன் நான், விங் இடத்தில், அதாவது மைதானத்தின் ஓரமாகப் பந்தோடு ஓடுகிற இடத்தில். லிடலும் விங்தான். பணம் கட்டியதே அதற்காகத்தான்.

தொடக்கம் அருமை. ‘ஹோலி கார்னர்’ என்ற நாற்சந்தி, சுற்றிலும் தேவாலயக் கட்டடங்கள். அதில் ஒன்று இப்போது லிடல் பெயரில் சமூக மையமாக இருக்கிறது. வழிகாட்டி 1924 பாரிஸ் ஒலிம்பிக்கை அங்கேயே நிறுத்திச் சொன்னார். 100 மீட்டர் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தது, 200 மீட்டரில் வெண்கலம், வெளிவட்டப் பாதையில் ஓடி 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம். கப்பல் ஏறும்போதுதான் ஞாயிறு விஷயம் அவருக்குத் தெரிய வந்ததாக, அவர் கதையைச் சொல்லும் ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ சினிமாவில் காட்டுவார்கள். உண்மையில் மாதக்கணக்கில் முன்பே தெரியும், 400க்கென்று பயிற்சி எடுக்க நேரமும் இருந்தது. வழிகாட்டி இதைத் திருத்திச் சொன்னது எனக்குப் பிடித்தது.

குறை ரக்பியில். ஸ்காட்லாந்துக்காக ஏழு ஆட்டம், நான்கு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). அத்தனைக்கும் சேர்த்து ஐந்தே நிமிடம்! அதிலும் மர்ரேஃபீல்டு மைதானம் இருக்கும் திசையைக் காட்டி, “அங்கேதான் ஆடினார்” என்றார். அந்த மைதானம் திறந்ததே 1925இல். லிடல் நாட்டுக்காக ஆடியது 1922லும் 1923லும். அப்போது ஸ்காட்லாந்தின் சொந்த மைதானம் இன்வர்லீத். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டு நடையைக் கட்டினார்.

விட்டுப்போனதெல்லாம் நல்ல விஷயங்கள். 1922இல் பிரான்சுக்கு எதிராக அவர் முதன்முதலில் ஆடியது பாரிசை ஒட்டிய கொலோம்பில். இரண்டு வருடம் கழித்துத் தங்கம் வாங்கியதும் அதே கொலோம்பில்தான். 1923இல் கார்டிஃபில் வேல்ஸை 11-8 என்று வென்ற ஆட்டத்தில் அவர் ஒரு ட்ரை போட்டார். அதே வருடம் ஸ்டோக்கில் 440 கஜ ஓட்டம். தொடக்கத்திலேயே இடிபட்டுக் கீழே விழுந்தார். எழுவதற்குள் மற்றவர்கள் இருபது கஜம் போய்விட்டார்கள். துரத்திப் பிடித்து ஜெயித்தார். விங் ஆடுகிறவனை வாரத்துக்கு நாலு தடவையாவது யாராவது தள்ளிவிடுவார்கள். விழுந்தோமே என்று யோசிக்க அங்கே நேரம் கிடையாது. அந்த ஓட்டத்தை அவர் ரக்பியில்தான் கற்றார் என்பது என் கட்சி.

கடைசி அரை மணி நேரம் சீனா. அவர் பிறந்ததும் அங்கே, 1925இல் மிஷனரியாகத் திரும்பிப் போனதும் அங்கே. 1945 பிப்ரவரியில் ஜப்பானியர் அங்கே வெளிநாட்டவரை அடைத்து வைத்திருந்த வெய்சியன் முகாமில் மூளைக் கட்டியால் இறந்தார், வயது 43. குரலை உயர்த்தாமல் வழிகாட்டி இதைச் சொன்ன விதத்துக்காகவே அரை மதிப்பெண் கூட்டினேன்.

போகிறவர்கள் நல்ல மழைச் சட்டை எடுத்துப் போங்கள். குடையைக் காற்று திருப்பிவிடுகிறது. ரக்பி வேண்டுமென்றால் முதல் பத்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள்.