திருச்சிக்கு மெட்ரோவா, தனிப்பாதை பஸ்ஸா?

துவாக்குடி-பஞ்சப்பூர், சமயபுரம்-வயலூர்னு திருச்சிக்கு மெட்ரோ பேச்சு ரொம்ப நாளா ஓடுது. மெட்ரோ வேணாம்னு சொல்லல, ஆனா நமக்கு முதல்ல வேண்டியது பிஆர்டிஎஸ்தான், ரோட்டு நடுவுல பஸ்ஸுக்குன்னே ஒதுக்குன பாதை.

மெட்ரோ சுகமான பயணம்தான், சிக்னல் இல்ல, நெரிசல் இல்ல. ஆனா செலவு பல மடங்கு, அதோட 2017 மெட்ரோ கொள்கைல சொன்ன 20 லட்சம் ஜனத்தொகைய காட்டி கோவை, மதுரை திட்டத்தையே 2025ல டெல்லி திருப்பி அனுப்பிடுச்சு, 2011 கணக்குல திருச்சி சுத்துவட்டாரத்தோட சேத்தே 10 லட்சம் சொச்சம்தான், அப்ப நமக்கு எப்ப வரும்? சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, சென்னை மெட்ரோல அந்தச் சலுகை இல்ல. காந்தி மார்க்கெட்டுக்கு கூடையோட வர்ற அக்காங்களுக்கு இது சின்ன விஷயமா?

ரயில்? தஞ்சாவூர்-திருச்சி டபுள் லைன் இருக்கு, டிக்கெட்டும் கம்மி, பூதலூர்க்காரங்களுக்கு அதுதான் சரி. ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு விட முடியாதே.

பிஆர்டிஎஸ்லயும் ஒழுங்கா செஞ்சது, அரைகுறையா செஞ்சதுன்னு ரெண்டு இருக்கு, இத பாக்காம பேசக்கூடாது. அகமதாபாத்ல 2009ல ஆரம்பிச்சாங்க, ஸ்டாப் ரோட்டு நடுவுல, பஸ் தரை உயரத்துக்கே பிளாட்பாரம், டிக்கெட் ஏறுறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், அதனால பஸ் நின்னதும் கிளம்பிடும், இன்னிக்கும் ஓடுது. டெல்லில 2008ல அம்பேத்கர் நகர்-மூல்சந்த் 5.8 கிலோமீட்டர் போட்டாங்க, காரும் பைக்கும் பஸ் பாதைல பூந்துச்சு, சிக்னல்ல எல்லாரும் காத்துக் கெடந்தாங்க, 2016ல பேத்து எடுத்துட்டாங்க. நமக்கு நெருக்கமான உதாரணம் கர்நாடகாவுல ஹுப்ளி-தார்வாட், ரெண்டு ஊர சேத்து 22 கிலோமீட்டர் சொச்சம், 2018ல ஓட ஆரம்பிச்சுது.

பாலக்கரை, சத்திரம் பக்கம் ரோடு குறுகல், அங்க தனிப்பாதைக்கு எடமில்லன்னு கேப்பாங்க. உண்மைதான். ஆனா அகலமான ரோட்டுல தனிப்பாதைல வர்ற பஸ் ஊருக்குள்ள சாதா ரோட்டுல எறங்கிப் போயிடலாம், மெட்ரோவால அது முடியாது. பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட் வந்தப்புறம் டவுனுக்குள்ள போக இன்னொரு பஸ் மாற வேண்டியிருக்கு, அந்த எணைப்பாவது உடனே வேகமா வேணும்.

தஞ்சாவூர் ரோட்டுல பால்பண்ணை-துவாக்குடி சர்வீஸ் ரோடு வேணும்னு ஜனங்க வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்காங்க. அதுக்கு எடம் எடுக்கும்போதே பஸ் பாதைக்கும் சேத்து அளந்துடணும், அரியமங்கலம், திருவெறும்பூர்ல ஒரே கடைய ரெண்டு தடவ இடிக்க விடக்கூடாது.