பச்சை கோட்டிங் வெல்ட் மெஷ்: காசிமேட்டு உப்புக்காற்றில் 14 மாதம்

எங்கள் வீடு காசிமேட்டில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தரம் பெயிண்ட் கேட்கும். இது தெரிந்தும் முத்து, மணி என்ற என் இரண்டு சுகர் கிளைடர்களுக்கு (மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும், அணில் மாதிரிச் சின்ன விலங்கு) முதல் கூண்டைச் சாதாரண ஜிஐ மெஷ்ஷில், அதாவது துத்தநாக முலாம் போட்ட இரும்புக் கம்பி வலையில் கட்டினேன். ஆறே மாதத்தில், அவை மூத்திரம் போகும் மூலையில் கம்பி மேல் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. தொட்டால் விரலில் ஒட்டியது. அது முலாமிலிருந்து வரும் துத்தநாகம். நூறு, நூற்றைம்பது கிராம் எடை உள்ள உயிர் ராத்திரி முழுக்க அந்தக் கம்பியில் ஏறி, நக்கி, கடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே போனால் விஷம். அன்றைக்குக் கூண்டைப் பார்க்கவே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாளே பாரிமுனைக்குப் போனேன். கம்பி வலைக் கடையில், "கோழிக்கா, புறாவுக்காண்ணே?" என்றுதான் கேட்டார் பாய். எங்கள் பக்கம் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புறாக்கூண்டு இருக்கிறது, அவர் கேட்டது சரிதான். புறாவுக்கு ஒரு அங்குலக் கண்ணி போதும். கிளைடருக்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பாய் இரண்டு துண்டுகளைக் கையில் கொடுத்து ஒட்டுகளைப் பார்க்கச் சொன்னார். முலாம் போட்ட கம்பியை அப்புறம் வெல்டு பண்ணினால் ஒட்டு இருக்கும் இடத்தில் முலாம் எரிந்துபோகிறது, துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது. என் பழைய கூண்டு அப்படித்தான் போயிருந்தது.

நான் வாங்கியது அரை அங்குலக் கண்ணி, மேலே பச்சை பிவிசி கோட்டிங், 3 அடி அகலம். அடி 75 ரூபாய், 12 அடிக்கு 900. இரண்டுக்கு இரண்டு, உயரம் மூன்றடி என்று கூண்டு கட்ட இது கணக்காகச் சரியாக இருக்கும். சுற்றுக்கு 8 அடி. மேலுக்கும் கீழுக்கும் இரண்டிரண்டு அடி வெட்டினால், பக்கத்தில் ஓரடிப் பட்டை மிஞ்சும், அதிலேயே கதவு வந்துவிடும். கிளைடர்கள் மரத்தில் தாவி வாழ்கிறவை, அதனால் அகலத்தைவிட உயரத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

சுருளிலிருந்து எடுத்த மெஷ் நேராக நிற்காது. எதிர்ப்பக்கம் சுருட்டிக் கட்டி, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். புதிதில் ஒரு பிளாஸ்டிக் வாடை வரும். நான் சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் மாடியில் காற்றாட வைத்தேன்.

இதில் உண்மையான குறை வெட்டுமுனைதான். கட்டிங் பிளேயரால் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் கோட்டிங் போய் இரும்பு வெளியே தெரியும், முனை ஊசி மாதிரி நிற்கும். பழைய கூண்டில் அப்படி ஒரு முனை, முத்துவுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே இருக்கும் பறக்கும் தோலைக் கிழித்துவிட்டது. பாலிதீன் தாள் கனம்கூட இல்லாத தோல் அது. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் துணிப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன், வழியெல்லாம் அழுதுகொண்டே. இந்தத் தடவை எல்லா முனையையும் அரத்தால் தேய்த்து, வெளிப்பக்கம் மடக்கி, கதவு ஓரத்துக்கு மீன்தொட்டிக் காற்றுக்குழாயை நீளவாக்கில் கீறி மாட்டினேன். அந்த ஒரு வேலைக்கே முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கதவுக்கு ஸ்பிரிங் கொக்கி போடுங்கள், வெறும் கொண்டியை இவை தூக்கிவிடும்.

14 மாதம் ஆகிறது. மூத்திர மூலையில் வெள்ளைப் பொடி இல்லை, வாரம் ஒரு தரம் ஈரத்துணியில் துடைத்தாலே நாற்றம் போய்விடுகிறது. மேல் மூலையில் மட்டும் மணி கடித்துக் கடித்து நாலு கண்ணி அளவுக்குக் கோட்டிங்கை உரித்துவிட்டது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, மிச்சத் துண்டை வைத்துக் கட்டினேன். அப்புறம் மருந்தடிக்காத கொய்யாக் கிளை ஒன்றை உள்ளே தொங்கவிட்டேன். இப்போது ராத்திரி பதினொரு மணிக்கு மணி எழுந்ததும் அந்தப் பட்டையை உரிக்கத்தான் போகிறது.