பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை: தண்ணீர்ப் பக்கம் எப்படி இருக்கிறது?

பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1000 நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் 'வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை'யை, சுருக்கமாக பி.ஆர்.எஸ்.ஆரை, சிறு பங்குதாரன் என்ற முறையில் விடாமல் படித்து வருகிறேன். மன்னார்குடிப் பக்கம் நெல் சாகுபடி செய்பவன் என்பதால் முதலில் தேடுவது தண்ணீர்க் கணக்கைத்தான்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2021இல் கொண்டுவந்த இந்தப் படிவம் 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமானது. நல்ல படிவம் என்றே சொல்வேன். முன்பக்கத்து மரக்கன்றுப் படங்களைத் தள்ளிவிட்டு சுற்றுச்சூழல் பற்றிய ஆறாவது கோட்பாட்டுக்குப் போங்கள். ஆறு, ஏரிகளில் எடுத்தது எவ்வளவு, நிலத்தடியில் எவ்வளவு, வெளியாரிடம் வாங்கியது எவ்வளவு, கடல்நீர் எவ்வளவு என்று தனித்தனி வரிகள் இருக்கும். சென்ற ஆண்டுக் கணக்கும் பக்கத்திலேயே நிற்கும். எல்லாம் கிலோலிட்டரில். 2 கோடியே 83 லட்சம் கிலோலிட்டர் ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்று வைத்து வகுத்தால், மேட்டூர்ச் செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு அளவு பிடிபட்டுவிடும்.

என் மனத்தாங்கல் ஒப்பீட்டு எண்ணில்தான். ஒரு ரூபாய் விற்றுமுதலுக்கு (விற்பனை வருமானத்துக்கு) எத்தனை தண்ணீர் என்பது அந்த எண். கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு விலை கூடும் ஆண்டில் என் வயலையும் இப்படி அளந்தால், நான் தண்ணீரை மிச்சப்படுத்தியதாகக் கணக்கு வரும். வாய்க்காலில் இருந்து பாய்ந்தது அதே தண்ணீர்தான். பொருளின் விலை ஏறிய ஆண்டில் ஒரு தொழிற்சாலையும் அப்படியே நல்ல பெயர் வாங்கிவிடும். 2023இல் உற்பத்தி அளவுக்கு இத்தனை என்ற வரியையும் சேர்த்தார்கள். எனக்கு நம்பிக்கை அதில்தான், ஒரே துறை நிறுவனங்களை அதை வைத்து ஒப்பிடுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, ஊர் தெரியாத மொத்தக் கணக்கு. தண்ணீர் நிறைந்த இடத்து ஆலையும் வற்றிய இடத்து ஆலையும் ஒரே கூட்டுத்தொகையில் கரைந்துவிடுகின்றன. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள பகுதியில் எடுத்தது எவ்வளவு என்ற கேள்வி படிவத்தில் உண்டு. ஆனால் அது விருப்பப் பிரிவில் கிடக்கிறது, நான் படித்த பலவற்றில் வெற்றாகவே இருந்தது. காலமும் அதில் இல்லை. ஜூன் 12க்கு மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் நாளில் உறிஞ்சும் தண்ணீரும், ஐப்பசி மழையில் தலைஞாயிற்று வடிகால்கள் நிரம்பி வழியும் நாளில் எடுக்கும் தண்ணீரும் எப்படி ஒன்றாகும்? கடைமடைக்காரன் எவனும் அதை ஒப்பமாட்டான்.

அறிக்கையைப் படிக்க நேரமில்லை, சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றைப் பார்த்துத் தரும் இ.எஸ்.ஜி. தரமதிப்பீடு போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.எஸ்.சி.ஐ. என்ற மதிப்பீட்டு நிறுவனம் 'ஏஏஏ' முதல் 'சிசிசி' வரை எழுத்துத் தருகிறது, அதுவும் அந்தந்தத் துறைக்குள் ஒப்பிட்டு. சஸ்டைனாலிட்டிக்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் அளப்பது ஆபத்தை, அங்கே எண் குறைந்தால்தான் நல்லது. ஆறு மதிப்பீட்டாளர்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களின் மதிப்பீடுகள் ஒத்துப்போகும் அளவு (ஒட்டுறவுக் கெழு; முழுக்க ஒத்தால் 1) சராசரியாக 0.54தான். கடன் தரமதிப்பீட்டில் அது இதைவிட மிகவும் அதிகம். அந்த முரண்பாட்டில் 56 சதவீதம், ஒரே விஷயத்தை வெவ்வேறு விதமாக அளப்பதால் வருவது என்கிறது அதே ஆய்வு. எழுத்தை மட்டும் பார்த்துப் பங்கு வாங்க வேண்டாம்.

நான் பார்த்தவை எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் படிக்க வேண்டிய கணக்கு இது, தமிழிலும் வரவேண்டும்.

பங்கு வாங்கும் முன், அறிக்கையின் தண்ணீர்ப் பட்டியலுக்குக் கீழே, வெளியார் யாரேனும் எண்களைச் சரிபார்த்தார்களா என்ற வரியைப் பாருங்கள். 'இல்லை' என்றிருந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காரணம் கேளுங்கள், பங்குதாரருக்கு அந்த உரிமை இருக்கிறது. இந்தப் படிவத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. தட்டுப்பாட்டுப் பகுதிக் கேள்வியைக் கட்டாயமாக்கினால் நான்கு தருவேன்.