மூக்குக்கண்ணாடி லென்ஸ்: 1.50-ஆ, 1.67-ஆ?

கடைக்காரர் சொல்லும் இந்த எண் ஒளிவிலகல் எண். எண் கூடினால், லென்ஸுக்குள் ஒளியின் வேகம் குறையும், ஒளி வளைவதும் கூடும்.

தடிமன்: மைனஸ் 6 பவருக்கு 1.50-இன் ஓரம் தடித்துத் துருத்தும், 1.67 அதே வேலையை மெலிசாகவே செய்துவிடும்.

தெளிவு: கடையில் யாரும் சொல்லாத விஷயம் இது. 1.50-இன் ஆபே எண் சுமார் 58, 1.67-க்கு 32தான். இது குறையக் குறைய நிறங்கள் அதிகம் பிரியும்; ஓரக்கண்ணால் பார்த்தால் ட்யூப்லைட் விளிம்பில் நீலக்கோடு தெரியலாம்.

பிரதிபலிப்பு: 1.50-இல் ஒரு பரப்புக்கு 4%, 1.67-இல் 6%க்கு மேல். கோட்டிங் அவசியம்.

விலை: 1.50 மலிவு.

மைனஸ் 2 வரை 1.50 தாராளம். 4-ஐத் தாண்டினால் 1.67 வாங்கலாம். எதுவானாலும் ஃப்ரேம் சின்னதாக இருக்கட்டும், ஓரத் தடிமன் அதிலேயே கணிசமாகக் குறையும்.