டிஸ்க் பிரேக்கின் கிறீச்சொலியும் பேட் மாற்றும் எளிமையும்: நீண்டநாள் அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று செட்டிநாட்டுக்குள்ளேயே பெரும்பாலும் ஓடும் என் சிறிய காரின் முன்சக்கரங்களில் இருப்பது டிஸ்க் பிரேக்; சக்கரத்தோடு சுழலும் தட்டை (டிஸ்க்) இருபுறமும் பேட் என்னும் உராய்வுக் கட்டைகள் அழுத்தி நிறுத்தும். அந்தப் பேடுகளை இறுக்கும் கவ்வி, ஒற்றைப் பிஸ்டன் கொண்டு பக்கவாட்டில் நகரும் ஃப்ளோட்டிங் காலிப்பர். இத்தனை ஆண்டுகள் ஓட்டிய பிறகு, பிரேக் நன்றாக அமைவதும் அமையாததும் ஷிம் (பேடின் முதுகில் வைக்கும் மெல்லிய தகடு), கிளிப் (பேடை இடத்தில் பிடித்துவைக்கும் கம்பி), ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்வதற்கான தண்டு) ஆகிய சின்னஞ்சிறு பாகங்களைப் பொறுத்தது என்றே உறுதியாகச் சொல்வேன்.

நெடுஞ்சாலையில் அழுத்திப் பிடிக்கும் பிரேக் சத்தம் போடுவதில்லை. கானாடுகாத்தான் தெருக்களில் பெடலை லேசாகத் தொட்டபடி ஊர்ந்து செல்லும்போதுதான் கிறீச்சிடும். பேட் டிஸ்க்கைப் பற்றுவதும் வழுக்குவதுமாக நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர, அந்த அதிர்வை டிஸ்க்கும் சேர்ந்து பெருக்குவதால் எழும் ஒலி அது. எண்ணெய் காணாத தேக்குக் கதவு குடுமியில் முனகுவதும் இதே விதத்தில்தான். 1902-இல் இங்கிலாந்துப் பொறியாளர் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, அவர் பயன்படுத்திய செம்பு பேடுகளும் இப்படியே கூச்சலிட்டன.

இன்றைய வடிவமைப்பில் பேடின் ஓரங்கள் சாய்வாகச் செதுக்கப்படுகின்றன, நடுவே பள்ளம் வெட்டப்படுகிறது; முதுகில் ரப்பர் படலம் பூசிய மெல்லிய எஃகு ஷிம் ஒட்டப்பட்டு அதிர்வை விழுங்குகிறது. ஒருமுறை ஒரு ஒர்க்‌ஷாப்பில் புதுப் பேடைப் போட்டுவிட்டுப் பழைய ஷிம்களைத் தேவையில்லை என்று தூக்கியெறிந்தார்கள். அன்று மாலையே சத்தம் தொடங்கிவிட்டது. வேறொரு மெக்கானிக் புது ஷிம் வைத்து, பேடின் முதுகிலும் காதுகளிலும் (இருமுனைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள்) மட்டும் வெப்பம் தாங்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிதாகத் தடவிய பிறகே அடங்கியது. கிரீஸ் ஒரு துளியும் உராயும் பக்கத்தில் படக்கூடாது என்பதில் அவர் காட்டிய கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் பகுதிச் செம்மண் தூசிக்கு ஸ்லைடு பின்னின் ரப்பர் உறைதான் முதல் இலக்கு. உறை கிழிந்து தூசி புகுந்தால் காலிப்பர் நகராது. பிஸ்டன் பக்கத்து உட்பேட் மட்டும் விரைவாகத் தேயும்.

பேட் மாற்றுவதில் இந்த அமைப்பு மனநிறைவு தருகிறது. கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே தூக்கினால் போதும். பிரேக் ஆயில் வரும் ஹோஸைத் திறக்காததால், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையே இல்லை. தடித்த புதுப் பேடுக்கு இடம் கிடைக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த ஆயில் பெயிண்டை அரித்துவிடும். வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும்.

எனக்குள்ள குறை ஒன்றுதான்: உட்பேடின் தேய்மானத்தைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும். தேய்மானத்தை உணர்த்தும் உலோக நாக்கு டிஸ்க்கில் உரசிச் சத்தமிடுவதற்குள், பேட் ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது.